முதல் முறை வேக்ஸிங் செய்ய வருபவர்களுக்கு

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. கல்யாணப் பெண்களும் தோழிகளும் பார்லருக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். உட்கார்ந்ததுமே கேட்பது ஒன்றுதான்: "அக்கா, வேக்ஸிங் ரொம்ப வலிக்குமா?"

வலிக்கும். தோலில் தடவிய வேக்ஸ் பசைமேல் ஒட்டிய துணிப் பட்டையை, அதாவது ஸ்ட்ரிப்பை, இழுக்கும் அந்த நொடி சுரீர் என்று இருக்கும். உடனே உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அடங்கிவிடும். முடி வேரோடு வருவதால்தான் இந்த வலி. திரும்ப வளர மூன்று முதல் ஆறு வாரம் ஆவதும் அதனால்தான். பத்து நாளில் அங்கொன்று இங்கொன்று தலைகாட்டினால் கவலை வேண்டாம். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அன்றைக்குத் தோலுக்கடியில் இருந்தவை அவை.

வரும்போது முடி ஓர் அரிசி நீளம், அதாவது அரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் வேக்ஸ் பிடிக்காது. பாதியில் அறுந்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகிவிடும். ரேஸர் போட்டிருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள். போன வாரம் ஒரு தங்கையை அப்படித்தான் திருப்பி அனுப்பினோம். அவள் முகம் வாடிப்போய்விட்டது, ஆனாலும் வேக்ஸ் போட எனக்கு மனம் வரவில்லை.

சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்த்து வேக்ஸ் காய்ச்சுவது சுலபம், வீட்டிலேயே செய்யலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். கல்லூரி நாளில் நானும் அப்படிக் காய்ச்சி, ஆறுவதற்குள் கையில் தடவிவிட்டேன். கொப்பளித்த தடம் முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அதனால் இங்கே யாருக்குப் போட்டாலும் முதலில் என் மணிக்கட்டில், அப்புறம் உங்கள் கையில் ஒரு துளி வைத்துச் சூடு பார்ப்பேன். முடி வளரும் திசையில் மெல்லிசாகத் தடவி, தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிப்பை எதிர்த் திசையில் தோலை ஒட்டியே இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் தோல் கன்றிப்போகும். வேக்ஸ் தடவும்போது உங்கள் மேல் பட்ட குச்சி மறுபடி வேக்ஸ் டப்பாவுக்குள் போகாது. வேறு எங்கே போனாலும் இதைக் கவனியுங்கள்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: நீங்கள் சாப்பிடும் மாத்திரை, பூசும் கிரீம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வேக்ஸ் போட்டால் தோலே உரிந்து வந்துவிடலாம். நிறுத்தி ஆறு மாதமாவது ஆக வேண்டும். ரெடினால் (வைட்டமின் ஏ வகை) கிரீம் பூசும் முகத்திலும் வேக்ஸ் போடமாட்டோம். சர்க்கரை வியாதி, கால் நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின்), ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மச்சம், காயம், வெயிலில் கன்றிய இடம் ஆகியவற்றை விட்டுவிடுவோம்.

வேக்ஸிங் செய்த அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். வெந்நீர், ஜிம், சென்ட் எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசுவதையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் மறுநாளே மறைந்துவிடும். மூன்று நாள் கழித்துப் பீர்க்கங்காய் நாரால் லேசாகத் தேய்த்தால் முடி உள்ளே சுருள்வது குறையும்.

கல்யாணப் பெண்களே, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முதல் வேக்ஸிங் வேண்டவே வேண்டாம். ஒன்றரை மாதம் முன்னால் ஒரு தடவை வந்து பாருங்கள். தோல் ஏற்றுக்கொண்டால், கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். வரும்போது தளர்வான பருத்திச் சுடிதார் போட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்லர் அக்கா