கொலாபா மழையை வைத்துச் செம்பூர் குன்றை அளக்கலாமா?

ஐயா,

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. மழை, அதே நாளில் கொலாபாவில் வெறும் 73 மி.மீ. ஊர் ஒன்று, வானம் இரண்டு. ஆனாலும் இன்றுவரை 'ரெட் அலர்ட்' மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாகத்தான் வருகிறது. விக்ரோலி, பாண்டுப், செம்பூர் வாஷிநாக்கா சரிவுகளில் மண்சரிவு பயத்தோடு குடியிருப்பவர்கள் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்கள்? ரேடாரை வைத்து இவர்களுக்குத் தனி எச்சரிக்கை தர முடியும்.

கொலாபாவில் எஸ்-பேண்ட் ரேடாரும், 2022 முதல் வேராவலியில் சி-பேண்ட் ரேடாரும் (எஸ், சி என்பவை அவை அனுப்பும் அலையின் வகைகள்) இருக்கின்றன. மண் நகர்வது இவற்றுக்குத் தெரியாது, மழை தெரியும். அதையும் நேராக அளப்பதில்லை, துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவிலிருந்து கணக்கிடுகின்றன. கோட்டை விடுவது இங்கேதான். திரும்பும் அலையின் வலு 40 டிபிஇசட் (அந்த வலுவை அளக்கும் அலகு) என்றால், அதை மழையாக மாற்றும் வழக்கமான மார்ஷல்-பால்மர் சூத்திரம் மணிக்கு 11.5 மி.மீ. என்கிறது, வெப்பமண்டல மழைக்கான சூத்திரம் 21.6 மி.மீ. என்கிறது. பருவமழையில் துளி சிறிது, எண்ணிக்கை அதிகம்; அதனால் முதல் சூத்திரம் பாதி மழையை விழுங்கிவிடும். மாநகராட்சியின் தானியங்கி மழைமானிகளோடு ஒப்பிட்டு மணிக்கொரு முறை திருத்தியே ஆக வேண்டும்.

திருத்திய மழையை 1 கி.மீ. கட்டங்களில் 1, 24, 72 மணி நேரக் கூட்டாகச் சேர்க்கலாம். மூன்று நாள் ஊறிய மண்ணுக்கு ஒரு மணி நேர அடைமழை போதும். ஜப்பானில் மண்ணில் தங்கிய நீரையே, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த மூன்று தொட்டிகளில் நிற்பது போலக் கணக்கிட்டு எச்சரிக்கிறார்கள்.

ஆனால் எவ்வளவு மழைக்கு மண் சரியும் என்ற ஆபத்து எல்லையை வெளியிலிருந்து கடன் வாங்கக் கூடாது. 1980இல் கெய்ன் என்ற ஆய்வாளர் பல நாட்டுச் சரிவுகளை வைத்து வகுத்த பொதுக் கோட்டின்படி 24 மணி நேரத்தில் சுமார் 100 மி.மீ. பெய்தாலே ஆபத்து. மும்பைக்கு அது ஒரு பருவத்தில் பலமுறை வரும் மழை! நாலு முறை வீணாக எழுப்பினால் ஐந்தாம் முறை யாரும் எழமாட்டார்கள். தீயணைப்புத் துறைக்கு அழைப்பு வந்த நேரத்தைப் பழைய ரேடார் பதிவோடு பொருத்தினால் நம் குன்றுகளுக்கான எல்லை கிடைக்கும். சரிந்த தேதி மட்டும் போதாது, மணி வேண்டும்.

சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவரில் நீர் வடிய விட்ட கசிவுத் துளைகள் அடைத்துக்கொண்டு பின்னால் நீர் தேங்குவது எந்த ரேடாரிலும் தெரியாது. மே மாதத்திலேயே கம்பி விட்டுக் குத்திவிட வேண்டிய வேலை அது.

செம்பூர் பாரத் நகரில் 2021 ஜூலை 18 அன்று சுவர் விழுந்தது நள்ளிரவுக்குப் பின். ரேடார் படத்தில் மழை போகும் திசையில் அதை நகர்த்திப் பார்க்கும் கணிப்பு ஓரிரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். எனவே 72 மணி நேரக் கூட்டு எல்லையை நெருங்கினால், இரவு 9 மணிக்கே மாநகராட்சிப் பள்ளியைத் திறந்து முதியோரையும் குழந்தைகளையும் முதலில் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு எஸ்.எம்.எஸ். உதவாது, சந்து முனையில் சைரன் வேண்டும்.

– மண்ணியல் பொறியாளர், செம்பூர், மும்பை