முள்ளை நம்பிக் கணவாய் ஏறிய கதை

திருநகர், மதுரை.

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். நல்லது. வீம்புக்கு மாடி ஏறாதே. இங்கே எல்லோரும் சுகம்.

"பஸ் என்னாச்சு?" என்று கேட்டிருந்தாய். பழைய காலேஜ் மினி பஸ்ஸில் சீட்டுகளைக் கழற்றி, படுக்கையும் அடுப்பு மேடையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி.யில் மாற்றியது வரை உனக்குத் தெரியும். வண்டி நன்றாகவே ஓடுகிறது. டீசல் மீட்டர்தான் இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

வீட்டு வாசலில் நிற்கும்போது முள் முக்கால் காட்டும். திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் பாதிக்கு வந்துவிடும். திரும்பி வந்து நிறுத்தினால் மறுபடி முக்கால்! டீசல் ஊறுகிற அட்சய பாத்திரமா இது? எலெக்ட்ரீஷியன் ஒருவர் "மீட்டர் போச்சு சார்" என்று புது மீட்டர் மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அதுவும் அதே கூத்துதான் ஆடியது.

கடைசியில் பிடித்துக் கொடுத்தது பேரன். "தாத்தா, ஃபேன் போட்டா முள்ளு இறங்குது" என்றான். போட்டுப் பார்த்தேன், இறங்கியது. தண்ணீர் மோட்டாரையும் போட்டேன், இன்னும் சாய்ந்தது. ஓடும்போதுதானே ஃபேன் போடுகிறோம்!

டேங்குக்குள் டீசல் மட்டத்தை அளக்கும் யூனிட் ஒன்று தொங்கும். அதில் மிதவையின் கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் மேல் தேய்த்துக்கொண்டு ஏறி இறங்கும். மீட்டரிலிருந்து வரும் கரண்ட் அதன் வழியாகத்தான் எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த சேஸிஸ் என்ற இரும்புச் சட்டத்துக்கு, போக வேண்டும். யூனிட்டுக்கு வரும் ஒயரைக் கழற்றி ஒரு நொடி சேஸிஸில் தொட்டேன். முள் விர்ரென்று ஃபுல்லுக்கு ஓடியது. எடுத்ததும் காலிக்குப் படுத்தது. ஆக மீட்டரும் ஒயரும் சுத்தம். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை யூனிட்டின் உடம்பிலும் வைத்தேன். சும்மா இருக்கும்போது பூஜ்ஜியம். ஃபேனும் மோட்டாரும் ஓடும்போது 3 வோல்ட். எர்த் என்று பெயர் வைத்துக்கொண்டு 3 வோல்ட் காட்டினால் அது என்ன எர்த்?

கீழே படுத்துப் பார்த்தால், உள்வேலை பார்த்தவர்கள் ஃபேன், லைட், மோட்டார் எல்லாவற்றின் எர்த்தையும் டேங்க் எர்த் இருந்த அதே போல்ட்டில் கட்டியிருக்கிறார்கள். அடியில் துருவுக்காக அடித்த கறுப்புப் பெயின்டுக்கு மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, டேங்குக்குத் தனி ஒயர் இழுத்து சேஸிஸில் கொடுத்தேன். ஃபேன் போட்டாலும் முள் அசையவில்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

சும்மா சொல்லவில்லை, போன சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குத்தான் குடும்பத்தோடு கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டும்போது முள் கால் டேங்கில் நின்றது. டேங்க் 140 லிட்டர், கால் என்றால் 35, லிட்டருக்கு 6 கி.மீ. கொடுக்கிறது, 200 கி.மீ. தாராளம் என்று கணக்குப் போட்டேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இழுத்து, விக்கி, நின்றுவிட்டது. முள் அப்போதும் கால் டேங்கில் கம்பீரமாக நிற்கிறது. சனீஸ்வரன் எதிர்கொண்டு வந்து அழைக்கிறார் என்று மச்சினன் சிரித்தான்.

மச்சினன் ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போய்க் கேனில் 10 லிட்டர் வாங்கி வந்தான். ஊற்றினாலும் உடனே எடுக்காதே, டீசல் குழாயில் ஏர் பிடித்துவிட்டதே! பேரன் செல்போன் லைட் அடிக்க, ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பைக் குத்திக் குத்தி, நுரை நுரையாக வந்தது நின்று டீசல் தெளிவாக வழியும்வரை அடித்தேன். முழங்கை வரை டீசல். பக்கத்தில் நின்ற உன் தங்கச்சி சொன்னாள்: "நாங்கல்லாம் டின்ல எண்ணெய் இருக்கான்னு மூடியத் தெறந்துதான் பாக்குறோம். நீங்க என்னடான்னா முள்ளப் பாத்து ஊர்வலம் போறீங்க."

வீட்டுக்கு வந்து யூனிட்டைக் கழற்றினேன். துருப்பிடித்த பழைய டேங்கை எடுத்துவிட்டு வேறொரு பழைய டேங்க் போட்டோம் இல்லையா, அது அகலம், ஆனால் உயரம் குறைவு. யூனிட்டை மட்டும் பழசிலிருந்தே எடுத்து மாட்டியிருந்தோம். மேலிருந்து தொங்குவதால் நிரம்பியதைச் சரியாகக் காட்டுகிறது. இறங்கும்போது கம்பி நீளமாக இருப்பதால் முள் கால் டேங்க் காட்டும் நிலையிலேயே மிதவை டேங்கின் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே போக இடமில்லை. இரண்டு கோளாறு ஒன்றை ஒன்று மறைத்திருக்கிறது மாப்ளே. எர்த் கெட்டிருந்தபோது முள் குறைத்துக் காட்டி, பயத்தில் சீக்கிரமே டீசல் போட வைத்தது. அதைச் சரிசெய்த பிறகுதான் நடுரோட்டில் நின்றேன்.

இப்போதைக்குத் தச்சர் விட்டுப்போன தேக்கு ரீப்பர் ஒன்றை அளவுகோல் ஆக்கிவிட்டேன். டேங்க் உள்ளளவு நீளம் 100 செ.மீ., அகலம் 50. ஆக 1 செ.மீ.க்கு 5 லிட்டர். கேனால் அளந்து ஊற்றிப் பார்த்தேன், ஒத்து வருகிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டுக் குச்சியை உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான். கிளம்புமுன் குச்சியை விட்டு எடுத்து உன் தங்கச்சியிடம் காட்டுவது இப்போது ஒரு சடங்காகிவிட்டது.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். கோயம்புத்தூரில் உன் மருமகனுக்கு உதிரிபாகக் கடைக்காரர்கள் பழக்கம் என்றாயே. 28 செ.மீ. உயர டேங்குக்கு ஏற்ற, கம்பி குட்டையான யூனிட் வேண்டும். ஓம், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளவு, பார்த்து வாங்கச் சொல். என்னுடையது காலியில் ஓம் கூடி, நிரம்பினால் குறையும் வகை, 240-லிருந்து 33. இதற்குத் தலைகீழாக, காலியில் 10, நிரம்பினால் 180 என்று ஒரு வகை இருக்கிறது. அதைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். காலி டேங்கை ஃபுல் என்று காட்டும், என்னால் இன்னொரு தடவை கணவாயில் பம்ப் அடிக்க முடியாது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்