நீச்சல் போட்டிக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். மாவட்ட அளவிலான பள்ளி நீச்சல் போட்டிகள் நெருங்கிவிட்டன. ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்துப் போடுவதற்கு முன், ஜிம்பாப்வே நாட்டு வீராங்கனை கிர்ஸ்டி கவென்ட்ரியின் கதையைப் படித்துவிடுங்கள்.

1983இல் ஹராரே நகரில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தியபோது பள்ளி மாணவி. அரையிறுதியோடு திரும்பினார். பிறகு அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சி பெற்றார். 2004 ஏதென்ஸில் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில், அதாவது மல்லாந்து நீந்தும் போட்டியில், தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் கிடைத்தன.

நான் சொல்ல வந்தது 2008 பெய்ஜிங் பற்றி. ஆகஸ்ட் 10, 400 மீட்டர் தனிநபர் மெட்லி (ஒருவரே நான்கு வகை நீச்சலையும் அடுத்தடுத்து நீந்தும் போட்டி): அதுவரை இருந்த உலக சாதனையைவிட வேகமாக நீந்தினார், ஆனால் ஆஸ்திரேலியாவின் ஸ்டெஃபனி ரைஸ் இன்னும் வேகம். வெள்ளி. அடுத்து 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்: அரையிறுதியில் 58.77 விநாடியில் உலக சாதனை படைத்தவர், இறுதியில் அமெரிக்காவின் நடாலி காஃப்லினுக்குப் பின்னால் வந்தார். மறுபடி வெள்ளி. ஆகஸ்ட் 13, 200 மீட்டர் மெட்லி: மீண்டும் பழைய உலக சாதனையைத் தாண்டினார், மீண்டும் ரைஸுக்கு அடுத்த இடம். நான்கு நாளில் மூன்று வெள்ளி. அந்த மூன்று நீச்சலில் எதைக் குறை சொல்ல முடியும்? ஆகஸ்ட் 16 அன்று 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 2 நிமிடம் 5.24 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

மல்லாந்து நீந்தும்போது எதிரே வரும் சுவர் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். தலைக்கு மேலே கொடியைக் கண்டதும், இன்னும் எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்று எண்ணித்தான் திரும்ப வேண்டும். எண்ணிக்கை தவறினால் தலை இடிக்கும். பயந்து வேகத்தைக் குறைத்தால் நேரம் போய்விடும். நம் பிள்ளைகள் விடியற்காலையில் பழகுவது இதைத்தான். இந்த உழைப்பு சான்றிதழில் அச்சாகாது; நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டி முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் "எத்தனாவது இடம்?" என்று கேட்காதீர்கள். இது என் தாழ்மையான வேண்டுகோள். "டைம் எவ்வளவு குறைஞ்சுது? திரும்பும்போது சரியா எண்ணினியா?" என்று கேளுங்கள். போன முறையைவிட ஒரு விநாடி குறைத்து நான்காவதாக வந்த குழந்தை நன்றாக நீந்திய குழந்தை.

ஒலிம்பிக்கில் ஜிம்பாப்வே இதுவரை பெற்ற எட்டுப் பதக்கங்களில் ஏழு கவென்ட்ரியுடையவை. அவற்றில் நான்கு வெள்ளி. பின்னர் தன் நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 2025இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர் அவரே.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று நீச்சலை நிறுத்த நினைக்கும் பெற்றோர், முடிவெடுக்கும் முன் என்னை வந்து பாருங்கள். பயிற்சி நேரத்தையும் சிறப்பு வகுப்புகளையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டுத் தருகிறேன். படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்