"இருமினால் கசிகிறதா?" என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

கல்யாண வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, என் பெரியம்மா மட்டும் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அது நேர்ந்தபோதுதான் காரணம் புரிந்தது. தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. "நாலு பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி" என்றே அவர் காலத்தைக் கழித்துவிட்டார்.

சகஜம்தான், ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதல்ல. கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தளரும் இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோல் தசையைச் சுருக்கி, சில விநாடி பிடித்து, தளர்த்த வேண்டும். வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகவும் கூடாது. (நான் முதல் மாதம் முழுக்க வயிற்றைத்தான் எக்கிக்கொண்டிருந்தேன்! பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பிறகே சரியான தசை பிடிபட்டது.)

கழிப்பறை இல்லாத பேருந்துப் பயணத்துக்குப் பயந்து தண்ணீரையே குறைப்பவர்கள் பலர். அதனால் மலச்சிக்கல் வருகிறது. முக்கி முக்கியே அந்தத் தசை இன்னும் தளர்கிறது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதில் இதையும் சேர்க்கலாம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம் செவிலியர் ஒரு வார்த்தை, "இருமினால் கசிகிறதா?" என்று கேட்கலாம். நாங்களாக வாய் திறந்து சொல்ல மாட்டோம்.

– ஒரு வாசகி, திருச்சி