மலை ஈரத்தில் சிக்கும் ஸ்லைடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நீலகிரிவாசிகள் பலர், மழைக்காலம் கழிந்ததும் அதன் ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி, வழுக்கி ஓடாமல் சிக்கிச் சிக்கி நகர்வதாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் மலையின் ஈரமும் நாம் இடும் எண்ணெயுமே.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பது கோத்தகிரியில் எல்லா வீட்டாருக்கும் தெரியும். ஆயினும் அதையே துப்பாக்கிக்குத் தடவுவோர் இன்னும் இருக்கிறார்கள். நல்லெண்ணெயோ நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகி, வெடிமருந்துக் கரியையும் துணித் தூசியையும் ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒட்டவைக்கிறது. துப்பாக்கிக்கென விற்கும் மெல்லிய எண்ணெயில் தடத்துக்கு ஒரு சொட்டு போதும். மிகுந்தால் அதுவும் தூசியை இழுக்கும். தோட்டாவுக்குள் கசிந்து அதைக் கெடுக்கவும் கூடும்.

காரணத்தைக் கண்டறிவது கடினமன்று. துப்பாக்கியின் வாய் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். பிறகு கையேட்டில் கண்டபடி பிரித்து, குழலும் சுருள்வில்லும் இல்லாத வெற்று ஸ்லைடைத் துப்பாக்கியின் அடிச்சட்டத்தின் மீது ஓட்டிப் பார்க்கலாம். தடையின்றி ஓடினால் குறை வில்லிலோ, வில்லைத் தாங்கும் கம்பியிலோ, குழலிலோ இருக்கிறது. அப்போதும் உரசினால் தடங்களில் அழுக்கோ துருவோ பிசிரோ (உலோக விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை) இருக்கிறது. சுத்தியல் வெளியே தெரியும் வகைகளில், அது இறங்கியிருக்கும்போது ஸ்லைடின் முதல் இழுப்பு கனமாக இருப்பது இயல்பே. அதைப் பழுதென்று கருத வேண்டியதில்லை.

உரசும் இடம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். அதைக் கண்டதும் உப்புத்தாளையோ அரத்தையோ எடுப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள். கறுப்புப் பூச்சு போனால் இங்குள்ள மூடுபனியில் வெகு சீக்கிரம் துரு ஏறும். கழித்த இரும்பை மீண்டும் சேர்க்கவும் முடியாது. பிசிரை நீக்குவது தேர்ந்த கைவினைஞரின் வேலை. அதற்கான உரிமம் இல்லாதவர் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழில் நடத்துவதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

இதையொட்டி அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகள் பல வாரங்கள் தோல் உறையிலேயே கிடக்கின்றன. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடச் சேர்த்த உப்புகள் இரும்பை அரிக்கும். ஆகவே, மலை மாவட்டத்திலாவது உறையை நீக்கி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஒப்படைக்க உரிமையாளர்களை அனுமதிப்பதோடு, திருப்பித் தரும்போது ஸ்லைடின் ஓட்டத்தை அங்கேயே சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி.