பிளஸ் 1 வகுப்பில் ஆய்வுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025-இல் பிளஸ் 1 பொதுத்தேர்வை நீக்கியதை வரவேற்கிறேன்; ஆனால், அந்தத் தேர்வு அறிமுகமான 2017-க்கு முன்பு பல தனியார் பள்ளிகள் செய்ததைப் போல, அந்த ஓராண்டும் பிளஸ் 2 பாடங்களை முன்கூட்டியே நெட்டுருப் போடுவதற்குப் போய்விடக் கூடாது. இயற்பியல் ஆய்வகத்தில், ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தானே அளவெடுக்காமல், சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு, தன் விடை ஏன் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று கேட்கும் வாய்ப்பே அமைவதில்லை. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக உள்ளூர்ப் பிரச்சினைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும் மாணவர்கள் மிகச் சிலரே. அத்தகைய சிற்றாய்வு ஒன்றை ஒவ்வொரு பிளஸ் 1 மாணவரும் தாமே தலைப்பைத் தேர்ந்து செய்யவும், அகமதிப்பீட்டு மதிப்பெண் 10-இல் பாதியை அதற்கு ஒதுக்கவும் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, திருச்சி