சேம்பரில் தோட்டா: முதலில் உறையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியின் சேம்பரில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையில்) தோட்டா இருக்கலாமா என்ற பேச்சு, அதற்குச் சட்டம் இடம்தரும் நாடுகளில் ஓய்ந்தபாடில்லை. காலியாக இருந்தால், தோட்டாவை ஏற்ற ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகத்தை) இழுக்க நேரம் கிடைக்காது என்பார் ஒருவர். இடுப்பிலேயே வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பார் இன்னொருவர். இருவரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நல்ல உறைக்குள் சும்மா கிடக்கும் நவீனத் துப்பாக்கி வெடிப்பது அபூர்வம். உறையில் செருகும்போது, தோட்டா ஏற்றும்போது, இறக்கும்போது, அதாவது கை படும் நேரங்களில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

பழைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் சுத்தியலோடு சேர்ந்த முனை நேராகப் பிரைமர்மீது (தோட்டாவின் அடியில், அடிபட்டால் தீப்பற்றும் பகுதிமீது) உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியல் அடிபட்டால் போதும், வெடிக்கும். அதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையைச் சுத்தியலுக்கு நேரே நிறுத்தினார்கள். அதே பழக்கத்தை இன்றைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரிலும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பயனில்லை. விசையை (டிரிகரை) இழுத்தாலே உருளை சுழன்று அடுத்த தோட்டா நேரே வந்துவிடும்.

பிஸ்டல்களிலும் இதே கதைதான். பழைய 1911 மாடல் பிஸ்டலில், பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னை ஒரு சுருள்வில் மட்டுமே பிடித்திருக்கும். குழல்முனை தரையில் மோதும்படி விழுந்தால் பின் தன் வேகத்திலேயே முன்னே பாய வாய்ப்புண்டு. 1983இல் வந்த சீரீஸ் 80 என்ற வடிவில்தான் கோல்ட் நிறுவனம் அதற்கு ஒரு தடுப்புக் கட்டையை வைத்தது. க்ளாக் போன்ற பிஸ்டல்களில் விசையிலும் உள்ளேயுமாக மூன்று பாதுகாப்புகள் உண்டு. கையால் போடும் சேஃப்டி மட்டும் வழக்கமாக இருக்காது. சுமார் இரண்டரை கிலோ அழுத்தத்தில் விசை நகர்ந்தால் மூன்றும் வரிசையாக விலகிக்கொள்ளும். விசையை அழுத்தியது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது.

புதிய வடிவமைப்பு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. சில கோணங்களில் விழுந்தால் சிக் பி320 பிஸ்டல் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, 2017இல் அந்த நிறுவனமே விசை உள்ளிட்ட பாகங்களை எடை குறைத்து மாற்றித்தர முன்வந்தது. எனவே உங்களிடம் இருப்பது எந்த மாடல், திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். க்ளாக் வகையில் தடுப்பு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். தோட்டாக்களை முழுதும் அகற்றி ஸ்லைடைக் கழற்றுங்கள். ஸ்ட்ரைக்கரின் (இதில் ஃபயரிங் பின் இதுதான்) கீழ்நீட்சியைப் பின்னுக்கு இழுத்து, மெல்ல முன்னே விட்டு அழுத்துங்கள். முனை வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. தடுப்புக் குமிழை உள்ளே அழுத்தும்போது மட்டுமே வரவேண்டும். விசையை இலகுவாக்கச் சுருள்வில்லை மாற்றியிருந்தால், அந்தத் துப்பாக்கியின் சேம்பரில் தோட்டாவோடு நடமாட வேண்டாம் என்பது என் கருத்து.

இனி காலி சேம்பர். பயின்ற கைக்கு ஸ்லைடை இழுக்க அரை விநாடி அளவே கூடுதலாகும். விலை அந்த அரை விநாடியில் இல்லை, அதற்கு வேண்டியிருக்கும் இரண்டாவது கையில் இருக்கிறது. 1983இல் சால்ட் லேக் சிட்டி காவல் துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள்: கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியைக் கடக்க ஒன்றரை விநாடி போதும். அந்த நேரத்தில் இடது கை அவரைத் தடுத்துக்கொண்டிருக்கலாம், குழந்தையைப் பிடித்திருக்கலாம், காயம்பட்டிருக்கலாம். கை சும்மா இருந்தாலும், பதற்றத்தில் ஸ்லைடை அரைகுறையாக இழுத்தால் தோட்டா ஏறாது. விட்டுவிடாமல் கூடவே கையை முன்னே கொண்டுபோனால் ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றுவிடும்.

ஏற்றி வைப்பதென்று முடிவெடுத்தால் பணத்தை உறையில் போடுங்கள். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தை உறை முழுதும் மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் விசை அசையக்கூடாது. துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறைகள் இதற்குத் தோது. தொய்ந்துபோன தோல் உறையின் விளிம்பு மடிந்து விசைக்குள் நுழைந்துவிடும். ஜாக்கெட் நாடாவின் முடிச்சும் அப்படியே. பைக்குள், பேனா சாவிகளோடு, உறையில்லாமல் போட்டு வைப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேண்டாம். உருவும்போது வேகம் தேவைப்படலாம், திரும்பச் செருகும்போது ஒருபோதும் தேவையில்லை. சட்டையை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, விரலைச் சட்டகத்தின்மேல் நீட்டிவைத்துச் செருகுங்கள். வெளியே சுத்தியல் தெரியும் வகையானால் அதன்மேல் கட்டைவிரலை வையுங்கள், விசை எதிலாவது சிக்கினால் சுத்தியல் எழுவது உடனே தெரியும். இடுப்பின் முன்பக்கம் வைப்பவர்கள் உறையைக் கழற்றி, துப்பாக்கியைச் செருகி, பிறகு சேர்த்து மாட்டிக்கொள்வது நல்லது.

தினமும் இரவில் இறக்கி, காலையில் ஏற்றுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கை படும் தருணங்களை அது இரட்டிப்பாக்குகிறது. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் கூட்டை) எடுக்காமல் முதலில் ஸ்லைடை இழுத்தால், வெளியே வந்த தோட்டாவின் இடத்தில் அடுத்தது ஏறிவிடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டு 'காலி' என்று நம்பி விசையை இழுப்பார்கள். வரிசை மாறக்கூடாது: மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு கண்ணாலும் சுண்டுவிரலாலும் சேம்பர். தோட்டா வெளியேறும் வாயைக் கையால் பொத்திப் பிடிக்கவும் கூடாது. பிரைமர், தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் முனையில் இடித்து உள்ளங்கையிலேயே வெடிக்கக்கூடும்.

ஒரே தோட்டா திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டால் அதன் குண்டு, தோட்டாவின் உலோகக் குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். உள்ளே இடம் குறைய, வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். அதே பெட்டியின் புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்திக் காலிப்பர் அளவியால் நீளத்தை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அதைச் சுட வேண்டாம். அதைவிட எளிது, துப்பாக்கியை உறையோடு சேர்த்தே கழற்றி அப்படியே பூட்டுப் பெட்டியில் வைப்பது. சேம்பர் காலியாக இருப்பது குழந்தைகளுக்குப் பூட்டாகாது.

நல்ல உறையும், விழுந்தால் வெடிக்காத துப்பாக்கியும், டம்மி (மருந்தில்லாத) தோட்டாவோடு வாராவாரம் பயிற்சியும் இருப்பவர் ஏற்றி வைக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காலியாக வைத்துக்கொள்வதே சரி. எதைத் தேர்ந்தாலும் நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள். காலியாக வைப்பவர் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் உருவி, ஸ்லைடை இழுத்துத்தான் குறிபார்க்க வேண்டும். ஒரு கையால் பின்பக்க சைட்டைப் பெல்ட் விளிம்பில் மாட்டி இழுக்கவும் பழகட்டும், டம்மி தோட்டாவில் மட்டும்.

இப்படிக்கு,
ஒரு துப்பாக்கிப் பயிற்சியாளர்